எண்பதைத் தாண்டினால்

"பின்னாடி யாரையோ ஏத்திக்கினு போற மாதிரியே இருக்குண்ணா" என்றான் அன்புசெல்வன்.

காக்களூர் தொழிற்பேட்டையில் இருந்தது பரத்தின் பட்டறை. ரேஸ் பைக்குகளை ட்யூன் செய்து வேகம் கூட்டித் தருவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் எந்த வண்டியையும் தானே ஓட்டிப் பார்க்க மாட்டார். 'தண்ணியில கால் வைக்காத நீச்சல் வாத்தியார்' என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார் பரத்.

"வாங்கின நாள்லேர்ந்து. செங்குன்றத்துல செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். கை மாறி கை மாறி வந்த வண்டியாம். பிக்கப்பே இல்ல. பாத்த மெக்கானிக்கெல்லாம் சூப்பரா கீதுன்றாங்க. எங்கம்மா பூசணிக்கா கூட சுத்தி ஒடச்சிது. பேஜாரா இருக்குண்ணா."

அவன் பேஜாருக்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் செலக்‌ஷன். ரேஸ் டீம் ஒன்று ஒரே ஓர் ஆளை எடுக்கப் போகிறது. அதில் தேறாவிட்டால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அவன் புருவம் ஏற்கெனவே பாதி பொசுங்கியிருந்தது.

பரத் வண்டியை டைனோவில் ஏற்றினார். பின்சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டு இன்ஜினின் சக்தியை அளக்கும் மெஷின் அது. தகரக் கூரை அதிர வண்டி அலறியது. திரையில் கோடு ஜோராக மேலே ஏறியது.

"பவர் முழுசா இருக்குதேப்பா. புது வண்டி கூட இப்படிக் குடுக்காது."

"அப்ப ரோட்டுல மட்டும் இன்னாத்துக்குண்ணா இழுக்க மாட்டேங்குது?"

பரத் வண்டியைக் கீழே இறக்கி, அவனை ஏறி உட்காரச் சொன்னார். பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப்பால் அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார்.

"உன் வெயிட்டு இன்னா?"

"அறுபதுண்ணா."

"ஸ்ப்ரிங் நல்லாத்தான் கீது. ஆனா ரெண்டு பேர் உக்காந்த மாதிரி எறங்குது."

அன்புசெல்வன் சட்டென்று வண்டியை விட்டு இறங்கிக்கொண்டான். வெளியே பளீரென்று வெயில் அடித்தது. இருந்தும் அவன் கையில் மயிர் சிலிர்த்திருந்தது.

"ஒண்ணு சொல்வேன், நீ சிரிக்கக் கூடாது. பேய்னு சொல்ல மாட்டேன். மல்லிப்பூ வாசன, கொலுசு சத்தம், ஒண்ணும் கெடயாது. ஆனா எண்பதைத் தாண்டினா இடுப்புல கிள்ளுதுண்ணா."

பரத் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். அப்புறம் பின்னாடி இருக்கற எடது ஃபுட்ரெஸ்ட், மடக்கி வெச்சாலும் காலையில பாத்தா தொறந்துக்கினு கீது. வலது பக்கம் அப்படியேதான் இருக்கும்."

பரத்தின் கை அவரை அறியாமல் தன் இடுப்புக்குப் போனது. பிறகு குனிந்து, சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளே நீலம் தெரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியைக் குடு. நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

"நீயாண்ணா ஓட்டப் போற?"

பரத் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஆனால் உடனே கிளம்பவில்லை. கையைப் பின்னால் நீட்டி இடது ஃபுட்ரெஸ்டைத் திறந்துவிட்டார். பாதி முகத்தைப் பின்பக்கம் திருப்பி, யாருக்கோ காத்திருப்பதுபோல் இருந்தார். வண்டியின் பின்பக்கம் மெல்ல இறங்கியது. அன்புசெல்வன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

பரத் கிளம்பிப் போன வேகத்தைப் பார்த்தால் மாட்டுவண்டிகூட முந்திவிடும். ஸ்பீட் பிரேக்கரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல ஏறி இறங்கினார். ரேஸ் வண்டியை இப்படியா ஓட்டுவது என்று அன்புசெல்வனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவன் டீ குடித்து முடிப்பதற்குள் பரத் திரும்பி வந்துவிட்டார். ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மடங்கியிருந்தன.

"இப்ப ஓட்டிப் பாரு."

அன்புசெல்வன் பயந்துகொண்டேதான் ஏறினான். தொழிற்பேட்டை ரோடு காலியாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் வண்டி அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. எண்பது வந்தது. இடுப்பை இறுக்கிக்கொண்டான். கிள்ளு விழவில்லை. நூறு. நூற்றுப் பத்து. ஹெல்மெட்டுக்குள் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

திரும்பி வந்தபோது பரத் படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம நான்தாண்ணா. காத்து மாதிரி பறக்குது. எங்க இருந்துச்சு ஃபால்ட்டு?"

பரத் கையிலிருந்த துணியை மடித்தார்.

"இது என் வண்டிப்பா. மூணு வருஷம் முன்ன கவரப்பேட்டைகிட்ட லாரிக்காரன் இடிச்சிட்டான். பின்னாடி உக்காந்திருந்த என் பொண்டாட்டி நந்தினி அங்கயே போய்ட்டா. செத்த எடத்துலயே உசுரு நிக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த ரோட்டுல சூடம் கொளுத்தி, 'வா நந்தினி, ஊட்டுக்குப் போலாம்'னு பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினு வந்தோம். வண்டி அப்ப போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுக்கினு இருந்துது. அப்புறம் அதைக் கண்ணால பாக்காமலே வித்துட்டேன். அவ அதை வுட்டு எறங்கவே இல்லன்னு எங்களுக்குத் தோணல. இப்பதான் எங்க ஊட்டு வாசல்ல எறங்கினா."