சென்சார் இல்லாமல் ஓட்டியவர்

ஏட்டு பச்சைமுத்துவின் மூளையைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அவருக்கு மட்டும் வேறு அபிப்பிராயம் இருந்தது.

அது 1987. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் வீடியோ கொட்டகைகளில் நீலப்படக் கேசட்டுகள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. "பிடிச்சா உனக்கு எஸ்.ஐ. ஸ்டார். பிடிக்கலைன்னா கல்வராயன் மலைக்கு மாத்தல்" என்று விழுப்புரத்து மேலதிகாரி சொல்லிவிட்டார். மலையில் கரடி இருக்கிறது என்று மனைவி பாஞ்சாலி எங்கேயோ கேள்விப்பட்டு அழுதுகொண்டிருந்தாள். ஏட்டுக்கும் ராத்தூக்கம் போய்விட்டது. கரடி யூனிஃபார்முக்கு மரியாதை கொடுக்காதே!

அன்று திண்டிவனத்தில், விழுப்புரம் போகிற ரோட்டோர டீக்கடையில், வழக்கம்போலக் காசு கொடுக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு காதில் விழுந்தது. அந்தப் பக்கம் அப்துல் சுக்கூரின் மெக்கானிக் ஷெட்.

"சென்சார் இல்லாமலேதான் பாய் இத்தினி நாளா ஓட்டிக்கினு இருக்கேன். எவனும் கேக்கலையே!"

"அதான் தப்பு மொதலாளி. இது ஃபாரின் சரக்கு. குவைத்துல நான் பாக்காததா? எங்க சொருவணும்னு ஒரு கணக்கு இருக்குது."

"முன்னாடியே சொருவிட்டா?"

"டர்போவுக்கு முன்னாடி வெச்சா சூடு தாங்காது. ரொம்பப் பின்னாடி போயிட்டா சூடு பத்தாது, பேஜாரு. டர்போ தாண்டினதும் கொஞ்சம் தள்ளி வெச்சாத்தான் கரெக்டு."

பச்சைமுத்துவுக்குப் புல்லரித்தது. சென்சார் இல்லாமல் ஓட்டுகிறார்கள். எந்த இடத்தில் பிட்டைச் சொருகினால் சூடு சரியாக இருக்கும் என்று கணக்கு வேறு போடுகிறார்கள்! டர்போ என்பவள் எந்த நாட்டு நடிகையோ, பெயரே சரியில்லை. ஷெட் என்று போர்டு மாட்டிக்கொண்டு உள்ளே நடத்துவது இதுதானா? அவர் தோளில் ஸ்டார் முளைப்பது அவருக்கே தெரிந்தது.

மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, லத்தியை ஓங்கிக்கொண்டு ஷெட்டுக்குள் பாய்ந்தார்.

"எவனும் அசையக் கூடாது! எங்கய்யா சென்சார்?"

ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்த சிவப்பு ஜப்பான் காருக்கு அடியிலிருந்து சுக்கூர் தலையை நீட்டினார். கையில், வால் முளைத்த ஸ்பார்க் பிளக் மாதிரி ஒரு சாமான்.

"தோ, இதாங்க ஏட்டையா. ஆக்சிஜன் சென்சார். உங்களுக்கு ஒண்ணு வேணுமா?"

காருக்குப் பக்கத்தில் ஆயில் மில் நடராசன் நின்றிருந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டிச் சம்பாதித்து இந்தக் காரை வாங்கிய பெரிய மனுஷர். சைலன்சர் பைப்பை உள்ளூரில் மாற்றியபோது இந்தச் சென்சாருக்கு ஓட்டை போடாமல் விட்டுவிட்டார்களாம். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று இது சொல்லாவிட்டால் வண்டி கண்டமேனிக்குப் பெட்ரோல் குடிக்குமாம். டர்போ என்பது புகை வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கிற ஒரு விசிறியாம்.

"அடியில வெச்சாத் தண்ணி தேங்கிப் பூடும், அதனால பைப்புக்கு மேலாப்புல வெக்கிறேன்" என்று பாடத்தைத் தொடர்ந்தார் சுக்கூர். "ஆனா நம்மூரு பெட்ரோல்ல ஈயம் இருக்குதுங்களே, சென்சாரு எத்தினி நாளு தாங்குமோ! குவைத்துல..."

"போதும் பாய்" என்றார் பச்சைமுத்து. விஷயம் புரிந்து சுக்கூர் காருக்கு அடியிலேயே குலுங்கிச் சிரித்தார்.

நடராசன் மட்டும் சிரிக்கவில்லை. கார் சாவியைப் பணிவாக நீட்டினார். "சந்தேகம்னு வந்துட்டா முழுசாப் பாத்துடணும். டிக்கியையும் தொறந்து பாருங்க ஏட்டையா. உங்க கடமை."

"ஐயோ, வேணாங்க மொதலாளி! இதுவரைக்கும் பட்டதே போதும். வெளிய மட்டும் சொல்லிடாதீங்க."

"சேச்சே! நீங்க எந்தப் பக்கம் போறீங்க?"

"விழுப்புரம். மேலதிகாரி வரச் சொல்லிக்கிறார்."

"நானும் அங்கதான் போறேன். சென்சார் மாட்டினதும் ஓட்டிப் பாத்தாப்பலயும் இருக்கும். ஏறிக்குங்க."

இத்தனை நல்ல மனுஷரையா சந்தேகப்பட்டோம் என்று பச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்சார் மாட்டி முடித்ததும் டர்போ கார் பறந்தது. முண்டியம்பாக்கத்துக்கு அருகே போலீஸ் செக்கிங். லாரி, வேன், கல்யாணக் கோஷ்டி என்று ஒன்று விடாமல் இறக்கிக் குடைந்துகொண்டிருந்தார்கள். முன்சீட்டில் யூனிஃபார்மைப் பார்த்ததும் ஒரு புதுப் போலீஸ்காரர் விறைப்பாகச் சல்யூட் அடித்து வழிவிட்டார். ஏட்டும் ஒரு எஸ்.ஐ.யின் தோரணையில் தலையசைத்து வைத்தார்.

விழுப்புரத்தில் ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிட்டு, "நீங்க கூட வந்தது பெரிய ஒத்தாசை ஏட்டையா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் நடராசன்.

அதிகாரி வேறு வேலையாக இருந்தார். கரடியை நினைத்தபடி வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிறகே பச்சைமுத்துவைக் கூப்பிட்டார்கள். உள்ளே அதிகாரி அப்போதுதான் போனை வைத்தார். முகத்தில் சிரிப்பு.

"வாய்யா பச்சைமுத்து! கேசட்டுக்காரன் மாட்டிக்கிட்டான். ஆயில் மில் நடராசனாம். வீடியோ கொட்டகை வாசல்ல சரக்கை இறக்கும்போது கையும் களவுமாப் பிடிச்சுட்டாங்க. டிக்கி நிறைய கேசட், ஒண்ணுகூட சென்சார் ஆகாதது!"

பச்சைமுத்து முகம் தெரியாதபடி தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மலைக்குப் போறதா, ஸ்டார் வாங்கறதான்னு இப்பவும் உன் கையிலதான்யா இருக்கு" என்றார் அதிகாரி, "அந்தக் காரோட முன்சீட்டுல உக்காந்து, செக்கிங்குல சல்யூட் வாங்கிக்கிட்டு, அவனுக்குப் பந்தோபஸ்து குடுத்துக் கூட்டிட்டு வந்தானே ஒரு ஏட்டு, அவன் யாருன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."