பின்சீட்டுக் கறை

"என்னங்க, இது ரத்தம்."

சுந்தரவல்லி கணவரின் காதருகே சொன்னாள். பழுப்புத் தோல் தைத்த பின்சீட்டில், இரண்டு முழ அகலத்துக்குக் கருத்துப் பரவியிருந்தது அந்தக் கறை.

ஜம்புவின் கண் வண்டியின் முகப்பிலேயே இருந்தது. மத்திய அரசு அலுவலகமொன்றில் அதிகாரியாக இருந்தும், சதுரமான முகமும் நான்கு சக்கர இழுவையும் உடைய இந்தப் பழைய வெளிநாட்டு வண்டியை அவர் இதுவரை சாலையில் பார்த்து ஏங்கியதோடு சரி. இந்த வடிவம் இப்போது வருவதில்லை. டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கோல் மார்க்கெட்டுக்கு அவர் வந்ததே, இதை எப்படியும் வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான்.

வண்டியின் சொந்தக்காரர் அய்யாசாமி, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர்.

"தூதரக ஏலத்துல எடுத்ததுங்க. பெட்ரோல் வண்டிக்குப் பதினஞ்சு வருசம் அனுமதி. இன்னும் சில வருசம் டில்லியில ஓட்டலாம்."

"பின்சீட்டில்..."

"ரத்தந்தாங்க. போகாது. நானும் தேய்ச்சுப் பார்த்துட்டேன்."

ஜம்பு குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் கேஸ் ஏதாவது?"

"பல தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. போய்ட்டு வந்தேன்."

சுந்தரவல்லி கைப்பையை இறுகப் பற்றினாள். பேரம் முடிந்தால் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம் என்று அவள் கொண்டுவந்த எலுமிச்சம்பழங்கள் அதற்குள் இருந்தன. "வேண்டாங்க, போயிடலாம்" என்று முணுமுணுத்தாள்.

ஜம்பு அவளைக் கண்ணால் அடக்கினார். "கறை எனக்கு ஒரு பொருட்டில்லை சார். விலையில் கொஞ்சம் பார்த்துக் குறைச்சுக்குங்க. சீட்டை நான் மாத்திக்கறேன்."

அய்யாசாமி சாவியை அவரிடம் நீட்டினார். "ஓட்டிப் பாருங்க. ஆனா, நான் சொல்ற வழியில மட்டும். ஒரே ஒரு இடத்துக்கு. அம்மணி, நீங்க பின்னால ஏறுங்க."

பிறரைக் குற்றவாளியாக்கச் சாட்சி தேவைப்படுவதில்லை; நம் அச்சமே போதும். வண்டி வேகம் எடுத்ததும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்ட ஓசை, சுந்தரவல்லிக்குச் சிறைக்கதவு சாத்தியதுபோல் கேட்டது. கறையைத் தொடாமல் சீட்டின் ஓரத்தில் ஒடுங்கினாள். அவள் கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தாள்.

பெரிய கத்தரிக்கோல். அதன் கீழே, கிழித்து மடித்த பழைய போர்வைகள்.

கைப்பேசியில் காவல்துறையின் எண்ணை அழுத்தி, அழைப்புப் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள்.

"லெஃப்ட்டுல திரும்புங்க. சிக்னலுக்கு முன்னாடியே உள்ரோடு இருக்கு. அங்கே நெரிசல் இருக்காது" என்றார் ஜம்புவின் பக்கத்துச் சீட்டிலிருந்த அய்யாசாமி.

ஜம்புவுக்கு ஸ்டீயரிங் வியர்வையில் வழுக்கியது. ஆள் நடமாட்டமில்லாத உள்சாலை. ஏதேனும் பேசியாக வேண்டும் போலிருந்தது.

"சார்... அந்தப் பின்சீட்டில் யார்..."

"நிறையப் பேரு படுத்திருந்தாங்க. சில பேரு எழுந்தாங்க. சில பேரு எழல."

சுந்தரவல்லி கைப்பேசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இப்ப ரைட்டு. அந்தப் பெரிய கேட்டுக்குள்ள விடுங்க. ஹாரனை விடாம அடிங்க."

ஜம்பு அடித்தார். கேட்டிலிருந்த காவலாளி வண்டியைக் கண்டதுமே தடுப்பைத் தூக்கினான். உள்ளேயிருந்து யாரோ, "ஜல்தி! ஜல்தி!" என்று அவசரப்படுத்திக் கத்தினார்கள். இருவர் ஓடிவந்தனர். வண்டி நின்றதும் பூட்டு விடுபட்டு, பின்கதவு படாரென்று திறந்தது.

சுந்தரவல்லி வீறிட்டாள்.

வந்தவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "மாதாஜி, அடி எங்கே பட்டிருக்கு?" என்று இந்தியில் பதற்றத்தோடு கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரெச்சர் நின்றது. அதற்கும் பின்னால், 'விபத்துச் சிகிச்சைப் பிரிவு' என்ற சிவப்புப் பலகை.

அய்யாசாமி சிரித்தார். "ஆஜ் கோயி நஹீ, பையா. இன்னிக்கு யாருமில்லை. சும்மாதான் வந்தேன்."

ஸ்ட்ரெச்சர் திரும்பிப் போயிற்று. ஜம்பு ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரோட்டுல அடிபட்டுக் கிடக்கறவங்களைத் தூக்கிட்டு வருவேனுங்க. அதுக்குச் சாட்சி சொல்லத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. பெல்ட்டு, துணியெல்லாம் அறுக்கக் கத்தரிக்கோல் வேணும். எனக்கு இப்பக் கண்ணு மங்கிப் போச்சு. வண்டியாவது இந்த வாசலுக்கு ஓடட்டும்னுதான் விக்கறேன்."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, சார்?"

"வாயால சொன்னா தற்பெருமைங்க. அதான், வாங்க வர்றவங்களுக்கெல்லாம் இந்த வழியைக் காட்டிடுவேன்." அய்யாசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஒரு விசயம் சொல்லட்டுங்களா? கொலைகார வண்டின்னு நினைச்சப்பகூட, விலையைக் குறைச்சா வாங்கிக்கறேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இந்த வாசலைப் பார்த்த பிறகுதான், தாங்களும் தூக்கிட்டு வரணுமோன்னு பயந்துபோய் வேண்டாம்னாங்க."

ஜம்பு தலைகுனிந்தார். சாலையில் விழுந்து கிடந்த யாரையெல்லாமோ தாண்டி, அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று போன காலை நேரங்கள் அவருக்கு வரிசையாய் நினைவுக்கு வந்தன.

பின்கதவு சாத்தும் ஓசை கேட்டது. சுந்தரவல்லி இறங்கி வண்டிக்கு முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்து, முன்சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தாள். திரும்பி ஏறி, இம்முறை ஓரத்தில் ஒடுங்காமல், அந்தக் கறையின்மேலேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டியை" என்றாள் கணவரிடம். "அண்ணா, வழியை முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க. இவருக்கு எதுவும் சீக்கிரம் மனசுல நிக்காது."