விரலைப் பிடித்த குழந்தை

பிறந்து மூன்று நாளான குழந்தை, பெற்றவளின் சுட்டுவிரலை இறுகப் பிடித்துக்கொண்டது. தத்துக் கொடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனா அந்தரத்தில் நின்றது.

"சிஸ்டர், என்னை விடவே மாட்டேங்குதே! அம்மான்னு தெரிஞ்சிடுச்சோ?"

நர்ஸ் சிரித்தாள். "அது பாசம் இல்லம்மா, அனிச்சைச் செயல். பச்சைப் பிள்ளை உள்ளங்கையில எது பட்டாலும் தண்டுவடமே விரலை மூடிடும். மூளையைக் கேக்கிறதே இல்ல. இந்தப் பேனாவைக் கொடுத்தாலும் இப்படித்தான் பிடிக்கும்."

கொடுத்தும் காட்டினாள். குழந்தை பேனாவையும் பிடித்துக்கொண்டது.

பெற்றவளின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பிடியிலிருந்து பேனாவை மெல்ல உருவிக் கையெழுத்துப் போட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நர்ஸ் குழந்தையோடு வெளியே வந்தாள். வேறு எந்தத் தாயிடமும் அவள் இந்தப் பாடத்தை நடத்தியதில்லை. "பாருங்க, உங்களை அடையாளம் தெரியுது" என்றுதான் சொல்வாள்.

வராந்தா பெஞ்சிலிருந்து நர்ஸின் சொந்த அக்கா, பத்து வருஷமாகப் பிள்ளைக்கு ஏங்கியவள், ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"பெத்தவ மனசாரக் கொடுத்தாளாடி? கொஞ்சம் தயங்கியிருந்தாகூட எனக்கு வேண்டாம். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

"தயங்கவே இல்லக்கா" என்றாள் நர்ஸ், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.