நடுவாசல்

அப்பாவின் உயில் யார்க்ஷயர் பண்ணைவீட்டை இரண்டாக்கிவிட்டது. சைலஸ் நடுவாசலைக் கல் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். மழை வெளிச்சம் கல்சட்ட ஜன்னலைத் தாண்டி அவருடைய சுண்ணாம்புக் கைகளில் சாம்பலாக விழுகிறது. கணப்பு அவர் பக்கம். மாடிப்படி தங்கை ஹன்னாவின் பக்கம். மிச்சமிருக்கும் ஓட்டையில் அவள் முகம் மட்டும் தெரிகிறது. "நீ பச்சை மாவைத் தின்னு. நெருப்பு எம்பக்கம்," என்கிறார். "அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தரையில படு, அண்ணே. கட்டில் மாடியில இருக்கு," என்கிறாள். கடைசிக் கல் நுழைய மறுக்கிறது. அவர் சுத்தியலால் அறைகிறார், கல் அசையவில்லை. "ஒரு கல்லை வைக்கக்கூடத் துப்பில்ல. அகலமான பக்கத்தை ஏன் எம்பக்கம் தள்ளுற?" என்கிறாள் ஹன்னா. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டு கல்லைத் திருப்பி இழுக்கின்றன. கல் கச்சிதமாக உட்காருகிறது.