இரண்டு முடிச்சு

முனிரத்தினம் மேஸ்திரி அந்த வார்த்தையைச் சொன்னதும் ஐடா ஒரு கருப்புக்கல்லை எடுத்து மடியில் வலப்பக்க முடிச்சில் போட்டாள்.

தொட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கல்லில் ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தாள்.

பெற்றவளையும் சேர்த்து நாறடிக்கிற வார்த்தை. வெற்றிலை எச்சிலோடு வந்து விழும்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கல் பொறுக்கும் கொட்டகை அது. தங்கம் இருக்கிற வெள்ளைக்கல் கூடைக்கு. வெறும் கருப்புக்கல் கழிவுக்கு. மடியில் ஒரு வெள்ளைக்கல் அகப்பட்டாலும் ஜெயில். கருப்பை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் எண்ணுவதற்குக் கருப்பு.

எண்ணச் சொன்னவர் சுரங்கத்து வெள்ளைக்காரத் தொரை.

முந்தின நாள் பெண்கள் போய் முறையிட்டபோது மேஸ்திரி தலைப்பாகையைக் கழற்றிக் கும்பிட்டான். "எல்லாத்தையும் தாயேன்னுதான் கூப்புடுறேன் தொரை. அது எப்பனா ஒரு தபா வாய் தவறி வந்திருக்கும்."

ஞானசுந்தரி அத்தை விடவில்லை. "மூச்சுக்கு மூச்சு அதான் தொரை. நாங்க ஜெபம் பண்ற வாயி. எங்க நாக்குல அது வருமா?"

ஒருநாள் எண்ணிக் காட்டுங்கள், பொய்யென்றால் ஒருத்தியும் வேலைக்கு வரவேண்டாம் என்றார் தொரை. அத்தை ஐடாவைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கணக்கை ஒத்துப்பார்க்க, கொட்டகையின் மறுகோடியில் தனியாக எண்ணக் கூட வேலைபார்க்கும் கங்கம்மா ஒப்புக்கொண்டாள்.

ஐடாவுக்குப் பதினைந்து வயது. அப்பா சுரங்க ஷாப்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தபிறகு, அத்தையின் கூலி லைன் வீட்டில்தான் சோறும் பாயும்.

மத்தியானத்துக்குள் வலப்பக்க முடிச்சு தொங்கியது. 'தாயே' வந்தது தொரையின் குதிரை வாசலில் நின்றபோது மட்டும்.

நடுநடுவே இடப்பக்க முடிச்சிலும் ஐடா ஒரு கல் போட்டாள். விடிகாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அதில் கற்கள் இருந்தன.

சாயங்காலம் சங்கு ஊதியது. தொரையின் மேஜைமேல் ஐடா வலப்பக்க முடிச்சை அவிழ்த்தாள். கற்கள் உருண்டன.

மேஸ்திரி சிரித்தான். "குட்டி கழிவுல அள்ளிக்கினு வந்து கொட்டுது தொரை."

கங்கம்மா தன் முடிச்சையும் அவிழ்த்தாள். தொரை இந்தக் குவியலில் ஒன்று, அந்தக் குவியலில் ஒன்று என்று ஜோடி ஜோடியாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் இரண்டு கல்தான் ஜோடியில்லாமல் நின்றது.

மேஸ்திரியைப் பார்க்காமலே அவர் வெளியே கைகாட்டினார்.

பிறகு ஐடாவின் இடுப்பைப் பார்த்தார். அந்தப் பக்கம் என்ன என்று கேட்டார்.

ஐடாவின் கை முடிச்சின் மேல் போனது. பக்கத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"அடுப்புக்கு முட்டுக் குடுக்க, தொரை."

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"ஜெயிச்சிட்டியேடி" என்றாள். கூடவே, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, தினமும் கூப்பிடுவதுபோல அந்த வார்த்தையையும் சேர்த்துக்கொண்டாள்.

ஐடா குனிந்து ஒரு கருப்புக்கல்லை எடுத்தாள். இடப்பக்க முடிச்சில் போட்டாள்.

முதலிலிருந்தே அதுதான் கனம்.