சோற்றில் விட்ட நெய்

இயந்திரத்தில் சுழற்றி எடுத்த, ரத்தம் நிரம்பிய கண்ணாடிக் குழாயை ஆய்வகப் பெண் நஸீமா தூக்கிக் காட்டினாள். அடியில் சிவப்பு, மேலே பால்போல வெள்ளை.

"இது பூரா கொழுப்புங்க ஐயா. சர்க்கரை ஏறினா இதுவும் ஏறும். சாப்பாட்டுல நெய் ஜாஸ்தியோ?"

தணிகாசலம் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் இனிப்பைத்தானே நிறுத்தச் சொன்னார் என்று, மூன்று வருடமாக அந்தக் குறையை நெய்யால் ஈடுகட்டியவள் வள்ளியம்மை. அவரும் ஒருநாள்கூடப் போதும் என்றதில்லை.

"குடும்மா." வள்ளியம்மை கை நீட்டினாள்.

மார்கழியில் உறைந்த நெய்ப் புட்டியைப் பொத்துவதுபோல, குழாயை வாங்கி உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் இப்படியே வச்சிருந்தா உருகிடும்ல?"

தணிகாசலம், ஊசி குத்திய இடத்துப் பஞ்சை விட்டுவிட்டு, தன் கையையும் அவள் கைகளின்மேல் வைத்தார்.