நாற்பத்தோராம் பக்கம்

விசில் ஊதியதும், திறப்பு விழாவுக்காகப் பள்ளி மைதானத்தின் புது கேலரியில் நின்ற முந்நூறு பிள்ளைகளும் ஒன்றாகக் குதித்தார்கள்.

கீழே இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

தூண் அதிர்ந்துகொண்டேயிருந்தது.

என் கணக்குப்படி அது ஒன்றிலேயே அடங்கியிருக்க வேண்டும்.

நாலு. ஐந்து. மேலே பிள்ளைகள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். தலைமையாசிரியை கைதட்டினார். அவருக்கென்ன, மகராசி. இந்தக் கேலரிக்குக் கணக்குப் போட்டவள் நானல்லவா.

எட்டில்தான் நின்றது.

பிள்ளைகள் தாளத்தோடு குதித்தால் இரும்பு எவ்வளவு வளையும், எந்த இடத்தில் திரும்ப நிமிராமல் போகும் என்று கணினியில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விநாடியையும் ஆயிரமாக நறுக்கிப் பார்க்கும் வேலை. பாழாய்ப்போன கணக்கு, இரும்பு நெளியத் தொடங்கியதுமே பாதியில் படுத்துவிடும். பதினோரு முறை ஓட்டினேன். பதினோரு முறையும் திரையில் சிவப்பு எழுத்து.

ஆட்டத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் குணம் எல்லாக் கட்டடத்துக்கும் கொஞ்சம் உண்டு. தணிப்பு என்போம். இந்த மாதிரி இரும்புக் கேலரிக்கு நூற்றுக்கு இரண்டு போட வேண்டும். நான் இருபது போட்டேன். கணக்கு கடைசிவரை ஓடுகிறதா என்று சும்மா பார்க்கத்தான், சத்தியமாக. ஓடியது. இரும்பு நெளியவே இல்லை. அப்பாடா என்று டீ குடிக்கப் போனேன்.

இருபதைத் திரும்ப இரண்டாக்க மறந்துபோனேன்.

அறிக்கை போயிற்று. கேலரி எழுந்தது. போன திங்கட்கிழமை வேறு எதையோ தேடும்போதுதான் நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த இருபது கண்ணில் பட்டது. சொன்னால் வேலை போகும், மானம் போகும். கையெழுத்துப் போட்ட எங்கள் தலைமைப் பொறியாளர் கடைசிப் பக்கத்தைத் தவிர எதையும் புரட்டாதவர் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கைதானே பார்க்கப்போகிறார்கள், யார் குதிக்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது விசில்.

ஒன்று. இரண்டு. மேலிருந்து பெயிண்ட் பொடி என் தோளில் உதிர்ந்தது.

"அடுத்தது பாட்டோட! பாட்டு முடியிற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது!" என்று விளையாட்டு ஆசிரியர் மைக்கில் கத்தினார்.

ஒரு குதி அடங்குவதற்குள் அடுத்த குதி, அதற்குள் அடுத்தது. ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். திரையில் பதினோரு முறை அதைத்தான் பார்த்தேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். தலைமைப் பொறியாளர். பேயறைந்த மாதிரி இருந்தார்.

"உங்க பையனும் இந்த ஸ்கூல்தானேம்மா? மேல காணோமே."

"காய்ச்சல் சார்."

காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நானும் குதிக்கப் போகிறேன் என்று காலையில் அழுது புரண்டவனை அதட்டி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார்.

"என் பொண்ணுக்கும் காய்ச்சல்தான்."

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய உள்ளங்கையும் தூணில் ஒட்டியிருந்தது. உதடுகள் அசைந்தன. ஏழு. எட்டு.

பாட்டுப் போட விளையாட்டு ஆசிரியர் கையை நீட்டினார்.

நான் மைக்கை நோக்கி ஓடினேன். பின்னாலேயே தலைமைப் பொறியாளரும் ஓடி வருவது கேட்டது. என்னை முந்தவா, தடுக்கவா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை.